குளிசை வாங்குமுன் கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்ப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்குவதற்கு முன்பாகவே இக்கடிதத்தை எழுதிவிட வேண்டும் என்று எண்ணினேன். ஐப்பசி மழை விழுந்து வன்னியின் கிணறுகளில் நீர் கட்டுவரை ஏறிவிட்ட பிறகு, வயிற்றோட்டத்தைப் பற்றியும் நெருப்புக் காய்ச்சலைப் பற்றியும் எழுதப் பலர் முன்வருவார்கள். அதற்கு முன்னால் எழுதுவதற்குத்தான் ஆள் குறைவு. பாடசாலையில் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தை நெடுங்காலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சில விடயங்களை உங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் சமிபாட்டைப் பற்றி வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை எதை உண்ணலாம், எதை உண்ணக்கூடாது என்ற பட்டியலாகவே அமைந்துவிடுகின்றன. இஞ்சியும் சீரகமும் ஓமமும் அவற்றில் தவறாமல் இடம்பெறும். அவற்றில் பிழை என்று எதுவும் இல்லை. ஆனால், வன்னியில் வாழும் ஒருவரது வயிறு கெடுவதும் கெடாமல் இருப்பதும் அடுப்படியில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலுள்ள தூரம், பாடசாலை மலசலகூடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பது, காலை ஆறு மணிக்குப் புறப்படும் பேருந்து, வயல்வேலைக்குப் போகிறவர் வெறுவயிற்றில் விழுங்கும் நோவுக் குளிசை ஆகிய யாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. இவற்றை அப்படியே விட்டுவிட்டுக் குளிசையை மட்டும் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதே எனது முறைப்பாடு.

முதலில் அந்த நோவுக் குளிசையைப் பற்றிச் சொல்கிறேன். காலபோக விதைப்பு, களை பிடுங்கல், வரம்பு கட்டல், பின்னர் மாசி பங்குனியில் அரிவுவெட்டு என்று வேலை நெருக்கும் மாதங்களில், இடுப்பு நோவுக்கும் முழங்கால் நோவுக்கும் டைக்குளோபினாக், இபுபுறூபன் போன்ற குளிசைகளை வைத்தியரின் சீட்டு இல்லாமல் வாங்கி, ஒரு கோப்பை தேநீருடன் விழுங்கிவிட்டு வயலில் இறங்குகிறவர்கள் ஏராளம். இரைப்பையின் உட்சுவரைத் தனது அமிலத்திலிருந்தே காத்துக்கொள்வதற்கு உடல் ஒரு சளிப் படையைச் சுரக்கிறது. அச்சுரப்பைத் தூண்டும் பொருள்களின் உற்பத்தியையும் இக்குளிசைகள் தடுத்துவிடுகின்றன. நோவு குறைவதும் இரைப்பை புண்ணாவதும் ஒரே செயற்பாட்டின் இரு விளைவுகள். உணவுக்குப் பின் எடுத்தால் எரிவு சற்றுக் குறையலாமே தவிர, குருதியில் கலந்த பின்பும் அக்குளிசை இரைப்பையைத் தாக்கும் என்பதால் ஆபத்து முற்றாக நீங்குவதில்லை. வேலைக்களைப்பால் வரும் சாதாரண நோவுக்குப் பரசிற்றமோல் போதுமானது. வளர்ந்தவர் ஒருவர் 500 மில்லிகிராம் குளிசைகள் இரண்டை ஒரு தடவையில் எடுக்கலாம். ஒரு நாளைக்கு எட்டுக் குளிசைகளைத் தாண்டக்கூடாது. மதுப்பழக்கமும் ஈரல் நோயும் உள்ளவர்கள் அந்த அளவையும் வைத்தியரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

இரைப்பைப் புண்ணுக்கு உறைப்பும் பட்டினியும் மனக்கவலையுமே காரணம் என்று எங்கள் ஊர்களில் இன்றும் உறுதியாக நம்பப்படுகிறது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பரி மார்ஷல், ரொபின் வாரன் என்ற இரு வைத்தியர்கள் 1982 ஆம் ஆண்டிலேயே இந்த நம்பிக்கையைத் தகர்த்துவிட்டார்கள். ஹெலிக்கோபக்ரர் பைலோரி என்ற பற்றீரியா இரைப்பையின் உட்சுவரில் குடியிருந்து அழற்சியையும் புண்ணையும் உண்டாக்குகிறது என்று அவர்கள் கண்டறிந்தார்கள். அதனை மருத்துவ உலகம் உடனே ஏற்றுக்கொள்ளாததால், மார்ஷல் 1984 இல் அந்தப் பற்றீரியா வளர்த்த திரவத்தைத் தானே குடித்து நோயை வரவழைத்துக் காட்டினார். 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று இரைப்பைப் புண்களிலும் முன்சிறுகுடற் புண்களிலும் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பற்றீரியாவோ மேலே சொன்ன நோவுக் குளிசைகளோதான் காரணம் என்பது நிறுவப்பட்ட உண்மை. பற்றீரியா உள்ளவர்கள் எல்லோருக்கும் புண் வருவதில்லை. பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. ஆனால் புண் வந்தவருக்கு அதனைப் பரிசோதித்துக் கண்டறிந்தால், இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளுடன் அமிலம் குறைக்கும் மருந்தையும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு வாரம் கொடுத்து வேரோடு நீக்கிவிடலாம். அவ்வாறு தீர்க்கக்கூடிய ஒரு நோயைத்தான் வருடக்கணக்காக ஒமிப்பிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மருந்தை மட்டும் வாங்கிச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒமிப்பிரசோல் தீய மருந்தல்ல. உரிய காரணத்துக்கு, உரிய காலத்துக்கு, காலை உணவுக்கு அரை மணித்தியாலம் முன்னதாக எடுத்தால் அது நன்றாக வேலை செய்யும். இதய நோய்க்காக அஸ்பிரின் எடுப்பவர்களுக்கு இரைப்பையைக் காப்பதற்காக வைத்தியர் அதை எழுதியிருந்தால், என் கடிதத்தை வாசித்துவிட்டு யாரும் நிறுத்திவிட வேண்டாம். எனக்குக் கவலை தருவது வேறொன்று. இரைப்பை அமிலம் வீணாகச் சுரக்கவில்லை. உணவோடும் நீரோடும் உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பகுதியை அழிக்கும் முதற் காவல் அதுதான். அந்த அமிலத்தை மாதக்கணக்கில் குளிசையால் அடக்கி வைத்துக்கொண்டு, மாரியில் கொதிக்காத கிணற்று நீரைக் குடித்தால் குடற் தொற்று எளிதாக வரும். நெடுநாள் பாவனையில் உயிர்ச்சத்து பி12, மக்னீசியம் ஆகியவற்றின் குறைபாடு ஏற்படவும் கூடும். மருந்தகத்தில் அட்டை அட்டையாக வாங்கிச் செல்பவர்களுக்கு இவற்றை யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை.

இரவு ஒன்பது மணிக்குப் பின் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதால் நெஞ்செரிவு வருகிறவர்களுக்கு, இராச்சாப்பாட்டை இரண்டு மூன்று மணித்தியாலம் முற்படுத்துவதும், கட்டிலின் தலைமாட்டைச் சற்று உயர்த்துவதும், இடுப்பளவைக் குறைப்பதும் குளிசையைவிட நீடித்த பலனைத் தரும். புகைத்தல், சாராயம், கசிப்பு ஆகியவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டியதில்லை. அவை வயிற்றுக்கு என்ன செய்யும் என்று அருந்துபவருக்கும் தெரியும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நடு நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, குளிர் வியர்வை, மூச்சு முட்டல் ஆகியவை சேர்ந்து வந்தால் அதை வாய்வு என்று முடிவுகட்டிச் சோடா குடித்துக்கொண்டிருக்கக்கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம். இரவு எந்நேரமானாலும் 1990 இலக்க நோயாளர் காவு வண்டியை அழையுங்கள்.

இனி, எழுதவும் பேசவும் கூச்சப்படும் விடயத்துக்கு வருகிறேன். வன்னியின் பாடசாலைப் பிள்ளைகள் பலருக்கு மலச்சிக்கல் இருக்கிறது. அதற்கு உணவு ஒரு காரணம். மலசலகூடம் மற்றொரு காரணம். காலை உணவு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் தன்னியல்பாக அசையத் தொடங்கும். மலம் கழிப்பதற்கு இயற்கை ஒதுக்கிய நேரம் அதுதான். எங்கள் பிள்ளைகளோ அந்நேரத்தில் சைக்கிளில் அல்லது பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது. உட்கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் ஒரு மணித்தியாலம் முன்னதாகவே புறப்பட வேண்டும். உயர்தர மாணவர்களுக்கு அதற்கு முன்னரே ரியூசன் வகுப்பு இருக்கிறது. வீட்டில் உண்ணவும் நேரமில்லை, மலசலகூடத்தில் இருக்கவும் நேரமில்லை. பாடசாலையில் உணர்வு வந்தால், அங்குள்ள மலசலகூடத்தில் தண்ணீர் இல்லை, அல்லது வாளி இல்லை, அல்லது கதவுக்கு உட்தாழ்ப்பாள் இல்லை. நான் கற்பித்த பாடசாலை ஒன்றில் பெண்பிள்ளைகள் ஒருவர் வெளியே காவல் நிற்க மற்றவர் உள்ளே போவதே வழக்கமாக இருந்தது. பெரும்பாலானவர்கள் அதற்கும் வெட்கப்பட்டு வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டார்கள்.

அடக்குவதால் என்ன நடக்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பெருங்குடலின் வேலைகளில் ஒன்று கழிவிலிருந்து நீரை மீள உறிஞ்சுவது. மலம் அங்கே தங்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அது மேலும் மேலும் நீரை இழந்து, கோடையில் வற்றிய குளத்தின் களிமண்ணைப் போல இறுகிவிடுகிறது. இறுகிய மலம் வெளியேறும்போது நோகிறது. சில வேளைகளில் மலவாயிலில் வெடிப்பும் குருதிக் கசிவும் ஏற்படுகின்றன. நோவுக்குப் பயந்த பிள்ளை அடுத்த முறை இன்னும் கூடுதலாக அடக்குகிறது. காலப்போக்கில் மலக்குடல் விரிந்து, உணர்வே மங்கிவிடும். இறுகிய கட்டியைச் சுற்றி நீராக மலம் கசிந்து உள்ளாடையைக் கறைப்படுத்தும் நிலையும் வரலாம். அதை வயிற்றோட்டம் என்று நினைத்து மருந்து கொடுக்கிறவர்களும், பிள்ளை வேண்டுமென்று செய்கிறது என்று அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இரண்டும் அநியாயம். வைத்தியரிடம் கூட்டிச் சென்று மலத்தை இளக்கும் மருந்தைச் சில மாதம் தொடர்ந்து கொடுத்து, நாளாந்தம் உணவுக்குப் பின் அவசரமில்லாமல் சற்று நேரம் மலசலகூடத்தில் இருக்கப் பழக்கினால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள்.

இதே துன்பம் பெண்களுக்கும் இருக்கிறது. மல்லாவி, துணுக்காய், பாண்டியன்குளம் பகுதிகளிலிருந்து கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பேருந்தில் போய்வரும் ஆசிரியைகளும் அலுவலகப் பெண்களும் வழியில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். இந்த வெயிலில் அது சிறுநீர்த் தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் நேர் வழி. ஊருக்கு ஊர் சுவர்களில் மூலத்துக்கும் பௌத்திரத்துக்கும் சத்திரசிகிச்சையில்லாத நிவாரணம் என்று விளம்பரம் ஒட்டுகிறவர்களுக்கு வாடிக்கையாளர்கள் எங்கிருந்து கிடைக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? சந்திகளில் பூட்டி வைக்காத, தண்ணீருள்ள பொது மலசலகூடங்களைப் பிரதேச சபைகள் பராமரித்தால் அந்த வியாபாரம் பாதியாகக் குறையும் என்பது என் எண்ணம்.

வீட்டில் மேலைநாட்டு முறைக் கொமட் வைத்திருப்பவர்கள், காலடியில் ஒரு சிறு பலகையை வைத்து முழங்கால்களை இடுப்புக்கு மேலே உயர்த்தி இருந்தால், குந்தியிருக்கும்போது கிடைக்கும் பயனில் பெரும்பகுதி கிடைக்கும். மலக்குடலின் வளைவு நேராவதால் முக்க வேண்டிய தேவை குறையும். முதியவர்களுக்கு இது மிகவும் உதவும்.

உணவைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ப்பொருளையும் 400 கிராம் மரக்கறி, பழங்களையும் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இந்த 25 கிராம் எங்கிருந்து வரும் என்று பார்த்தால் எங்கள் தட்டின் குறை தெரிந்துவிடும். தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றில் 100 கிராமுக்கு அரைக் கிராம் நார்ப்பொருள்கூட இல்லை. அவித்த பயற்றில் அதே அளவுக்கு ஏறத்தாழ 7 கிராமும், கொய்யாப்பழத்தில் 5 கிராமும் இருக்கின்றன. வவுனிக்குளத்தினதும் முத்தையன்கட்டினதும் இரணைமடுவினதும் நீரில் நெல்லை விளைவிக்கும் நாங்கள், அதன் தவிட்டை ஆலையில் கோழித்தீனுக்கு விட்டுவிட்டு, வெள்ளைச் சோற்றையும் கோதுமை மாவில் செய்த பாணையும் பணிஸையும் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். தீட்டாத சிவப்பரிசி, குரக்கன், பயறு, கௌப்பி, உழுந்து, முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, வாழைப்பொத்தி, பனங்கிழங்கு, கோடையில் காட்டோரம் விற்கும் பாலைப்பழம் ஆகிய எதற்கும் நாங்கள் வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் எவற்றை விற்கலாம் என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை ஏற்கெனவே இருக்கிறது. அவித்த கௌப்பியும் பயறும் இடைவேளைக்கு விற்கப்படும் பாடசாலைகள் இருக்கின்றன, றோல்ஸும் இனிப்புச் சாயத் தண்ணீரும் விற்கப்படும் பாடசாலைகளும் இருக்கின்றன. வேறுபாடு அதிபரின் கண்டிப்பில்தான் இருக்கிறது.

நார்ப்பொருளின் பயன் மலத்தை இளக்குவதோடு முடிந்துவிடுவதில்லை. எங்கள் சமிபாட்டு நொதியங்களால் உடைக்க முடியாத அந்த நாரைப் பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்கின்றன. அதிலிருந்து உண்டாகும் பியூட்டிரிக் அமிலமே பெருங்குடலின் உட்படைக் கலங்களுக்கு முதன்மையான எரிபொருள். நார் கிடைக்காதபோது அந்தப் பற்றீரியாக்களின் வகைகள் குறைகின்றன. சளிக்காய்ச்சலுக்கெல்லாம் தேவையில்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி விழுங்கும்போதும் அவை அழிகின்றன. வண்ணக் குப்பிகளில் விற்கப்படும் பானங்களை நாடுவதற்கு முன்னால், எங்கள் ஊர் எருமைத் தயிரையும் வீட்டு மோரையும் நினைத்துக்கொள்வது நல்லது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இதுவரை நார் குறைவாக உண்டவர்கள் ஒரே நாளில் அதைக் கூட்டினால் வயிறு ஊதும். சில கிழமைகளில் படிப்படியாகக் கூட்டி, நீரையும் கூடுதலாகக் குடிக்க வேண்டும்.

பழஞ்சோற்றைப் பற்றி இப்போது இளைஞர்களிடம் புதிய ஆர்வம் காணப்படுகிறது. அதில் நியாயம் உண்டு. ஆக்கிய சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி சிறுகுடலில் சமிபாடடையாத வடிவத்துக்கு மாறுகிறது; அது பெருங்குடலுக்குச் சென்று நார்ப்பொருளைப் போலவே பயன்படுகிறது. இரவு முழுவதும் நீரில் ஊறும்போது புளிப்பேற்றும் பற்றீரியாக்கள் பெருகி, கெடுதலான கிருமிகள் வளர்வதைத் தடுக்கின்றன. ஆனால் பழஞ்சோறு என்பது வேறு, மீந்த சோறு என்பது வேறு. நீரூற்றாமல் பானையிலேயே வெக்கையில் விடப்பட்ட சோற்றில், ஆக்கும் சூட்டுக்கும் சாகாத பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. இரவு மீந்த சோற்றைக் காலையில் முட்டையும் போட்டுப் பொரித்துப் பிள்ளைக்குக் கட்டிக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழஞ்சோற்றுக்கும் கொதித்தாறிய நீரையே ஊற்ற வேண்டும். கிணற்றிலிருந்து நேரே அள்ளி ஊற்றினால், அப்பச்சி காலத்து உணவென்ற பெருமையோடு கிணற்றின் கிருமிகளையும் சேர்த்துக் குடிக்கிறோம்.

ஆகவே மறுபடியும் கிணற்றுக்கே வரவேண்டியிருக்கிறது. மலசலகூடக் குழி நீர்நிலையிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும் என்றும், குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றர் மேலே இருக்க வேண்டும் என்றும் சர்வதேச மனிதாபிமான வழிகாட்டல்கள் சொல்கின்றன. கால் ஏக்கர் காணியில் வீடும் கிணறும் மலசலகூடமும் அடுத்தடுத்து அமைந்த வீட்டுத்திட்டங்களில் அந்தத் தூரத்தைக் காண்பது அரிது; மாரியில் நீர்மட்டம் உயரும்போது குழியும் கிணறும் நிலத்தின் கீழே ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது, எத்தனையோ கிணறுகள் வெள்ள நீரால் நிரம்பின. அவ்வாறான கிணறுகளை இறைத்து, பொதுச் சுகாதார பரிசோதகரின் ஆலோசனையின்படி குளோரீன் இடாமல் பாவிக்கவே கூடாது. குளோரீன் இட்ட தண்ணீர் மணக்கிறது என்று முகம் சுளிப்பவர்கள் எங்களுக்குள் இருப்பது வியப்பாக இருக்கிறது. 2009 இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் இருந்தபோது அந்த மணத்தோடுதான் குடித்தோம். வரிசையில் நின்று வாங்கிக் குடித்தோம். மீளக்குடியமர்ந்த பிறகு சொந்தக் கிணறு தெளிவாக இருக்கிறது என்பதனால் அது சுத்தமாக இருக்கிறது என்று நம்பத் தொடங்கிவிட்டோம். தெளிவுக்கும் சுத்தத்துக்கும் தொடர்பில்லை. நீர் நன்றாகத் தளதளவென்று கொதித்தால் குடற் கிருமிகள் செத்துவிடும். அதைக் கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவைப்பதும், கைபடாமல் குழாய் வைத்த பாத்திரத்திலிருந்து எடுப்பதும் கொதிக்கவைப்பதைப் போலவே முக்கியமானவை. சுத்திகரித்த நீரைக் கொள்கலனில் வாங்குகிறவர்கள் அந்தக் கொள்கலனை எப்போது கழுவினார்கள் என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

வற்றாப்பளை வைகாசிப் பொங்கலிலும் மடு ஆவணித் திருவிழாவிலும் மக்கள் பெருந்திரளாகக் கூடுகிறார்கள். தண்ணீர்ப் பந்தல் வைப்பது எங்கள் மண்ணின் நல்ல வழக்கம். அந்த மோருக்கும் சர்பத்துக்கும் ஊற்றும் நீரும் போடும் ஐஸும் எங்கிருந்து வருகின்றன என்று பந்தற்காரர் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அன்னதானத்துக்கும் கலியாண வீட்டுக்கும் இரவிரவாக ஆக்கிய உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 60 பாகை செல்சியசுக்கு மேலான சூட்டில் வைத்திருக்க முடியாவிட்டால், சிறிய அளவில் இரண்டு மூன்று தடவையாக ஆக்குவதே பாதுகாப்பானது.

இத்தனைக்குப் பிறகும் வயிற்றோட்டம் வந்துவிட்டால் என்ன செய்வது? இதில் எங்களைப் போன்ற ஒரு மக்களுக்கு நெருக்கமான வரலாறு ஒன்று உண்டு. 1971 இல் வங்கப் போரிலிருந்து தப்பி ஓடிவந்த மக்கள் இந்திய எல்லையோரம் பொங்கான் முகாமில் வாந்திபேதியால் செத்துக்கொண்டிருந்தபோது, நாளத்தில் ஏற்றுவதற்கான சேலைன் தீர்ந்துபோனது. திலீப் மகலனாபிஸ் என்ற வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாயால் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு இருபது முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. குடற்சுவரில் குளுக்கோசு உள்ளே நுழையும்போது சோடியத்தையும் கூடவே கொண்டு செல்கிறது, சோடியத்தைத் தொடர்ந்து நீர் செல்கிறது என்பதே அதன் சூட்சுமம். எங்கள் வைத்தியசாலைகளில் கிடைக்கும் ஜீவனியும் அதுதான். முழுப் பக்கற்றையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பக்கற்றைக் கோப்பையில் கண்ணளவாகக் கரைக்கக்கூடாது. 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. பிள்ளை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகத் தொடரலாம். ஜீவனி கைவசம் இல்லையென்றால், ஒரு லீற்றர் நீருக்குத் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும் போதும். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்த வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வைத்தியர் நாளுக்கு 20 மில்லிகிராம் நாகம் (சிங்க்) என்ற கனியுப்பை எழுதிக் கொடுத்தால், வயிற்றோட்டம் நின்றாலும் பத்து முதல் பதினான்கு நாள் வரை முழுமையாகக் கொடுக்க வேண்டும். வயிற்றோட்டத்தை உடனே கட்டிவிடும் குளிசையைச் சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மலத்தில் குருதி, குழிவிழுந்த கண், சிறுநீர் கழியாமை, மயங்கிய நிலை ஆகியவற்றைக் கண்டால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

வளர்ந்தவர்களில், மலம் தார் போலக் கறுத்துப் போதல், குருதி போதல், காரணமில்லாமல் எடை குறைதல், விழுங்கக் கஷ்டம், 50 வயதுக்குப் பின் மலம் கழிக்கும் பழக்கத்தில் புதிதாக ஏற்படும் மாற்றம் ஆகியவற்றை மூலம் என்று தாமே முடிவுசெய்து மறைப்பவர்கள் பலர். பெருங்குடற் புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்த முடியும். வெட்கத்தால் கடத்தும் மாதங்கள்தான் அதற்குத் தடையாகின்றன.

சம்பந்தப்பட்டவர்களிடம் என் வேண்டுகோள்கள் இவை. அதிபர்கள் தங்கள் பாடசாலையின் ஒவ்வொரு மலசலகூடத்திலும் தண்ணீர், வாளி, சவர்க்காரம், உட்தாழ்ப்பாள் இருக்கின்றனவா என்பதைக் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதற்கு முன்பாகப் பார்க்க வேண்டும்; பழைய மாணவர் சங்கங்கள் நினைவு வளைவுகளுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். ரியூசன் நடத்துபவர்கள் காலை வகுப்பைக் கைவிட்டு மாலையில் வைக்கலாம். கமக்கார அமைப்புகள் தங்கள் கூட்டங்களில் உரத்தையும் நீர்ப்பங்கீட்டையும் பேசும்போது நோவுக் குளிசையைப் பற்றியும் பொதுச் சுகாதார பரிசோதகரை அழைத்துப் பேசவைக்கலாம். தங்கள் பத்திரிகையிடம் நான் கேட்பது சிறியது: கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிடம் கிணற்றுக்குக் குளோரீன் இடும் ஒழுங்குகளைக் கேட்டுப் பெற்று, பிரிவு வாரியாக ஒரு அறிவித்தலாக வெளியிடுங்கள். அது புரட்டாசி முடிவதற்குள் வெளிவந்தால், நீர் அடியில் கிடக்கும்போதே கிணற்றை இறைத்துச் சேறு வாரிவிட எங்களுக்கு நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மல்லாவி.